இருபது வீடு இருந்தால்தான் ஊர்

"குங்குமப்பூ விளைகிற ஈரான் நாட்டில் கிராமங்கள் எப்படி இருக்கும்? அங்கேயும் ஊராட்சித் தலைவர், வி.ஏ.ஓ., தாசில்தார் எல்லாம் உண்டா? குங்குமப்பூவை நம்மூரில் போட முடியுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். மூன்று கேள்விகள். கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் அடைக்கப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் தனியாகவே எழுதுகிறேன்.

பழைய பாசன முறைகளைப் பார்ப்பதற்காக ஒரு சிறு குழுவோடு 2016 நவம்பர் முதல் வாரத்தில் ஈரான் போயிருந்தேன். அதில் மூன்று நாள் ஒரு கிராமத்திலேயே தங்கினோம். ரஸவி கொராசான் மாகாணம், குனாபாத் வட்டாரம். ஊர்ப் பெயரை மட்டும் எழுதவில்லை. யார் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் ஊரை விட்டுப் போனார்கள் என்று பேசப்போகிறேன். அது அவர்கள் வீட்டு விஷயம்.

மஷாத் நகரத்திலிருந்து தெற்கே பேருந்தில் போக வேண்டும். முன்னூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வழியில் தோர்பத்-ஏ-ஹைதரியே என்ற ஊர் வருகிறது. குங்குமப்பூ வியாபாரத்துக்குப் பேர்போனது. அதைத் தாண்டியதும் மரம் மட்டை ஒன்றும் இல்லை. சாம்பல் நிற மண், தூரத்தில் மொட்டை மலை. ஆண்டு மழை 150 மில்லிமீட்டரைத் தொடாத பூமி. நம்மூரில் ஐப்பசியில் ஒரே இரவில் கொட்டித் தீர்க்கிற மழைதான் அவர்களுக்கு ஒரு வருஷத்து மழை.

அந்த வெட்டவெளியில் மலையிலிருந்து சமவெளியை நோக்கி, கரையான் புற்றுகளை வரிசையாக அடுக்கியதுபோல மண்மேடுகள் தெரியும். ஒவ்வொரு மேட்டின் நடுவிலும் ஒரு கிணற்றுவாய். அந்த வரிசைதான் கனாத்.

கனாத்தைப் பற்றி நம் விவசாயிகளுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் கிடைக்கும் இடம் வரை ஒரு கிணறு தோண்டுவார்கள். அதற்குத் தாய்க்கிணறு என்றே பெயர். அதன் அடியிலிருந்து ஊர்ப்பக்கம் வரை பூமிக்குள் ஒரு சுரங்க வாய்க்கால். மேலே தரை சரிகிற சரிவைவிட வாய்க்காலின் சரிவு குறைவாக இருக்கும். அதனால் ஒரு இடத்தில் வாய்க்காலும் தரையும் சந்தித்துத் தண்ணீர் தானாக வெளியே வந்துவிடும். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. நடுவில் இருக்கும் கிணறுகள் மண் எடுக்கவும், காற்றுக்கும், பிற்காலத்தில் இறங்கித் தூர்வாரவும். மலை எவ்வளவு தருகிறதோ அவ்வளவுதான் வரும். கூடுதலாக உறிஞ்ச வழியே இல்லை. குனாபாத்தில் இருக்கும் கஸபே கனாத்தின் நீளம் 33 கிலோமீட்டர். தாய்க்கிணற்றின் ஆழம் 300 மீட்டருக்கு மேல், மொத்தக் கிணறுகள் 427. 2016-இல்தான் யுனெஸ்கோ ஈரானின் 11 கனாத்துகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் இதுவும் ஒன்று. நாங்கள் தங்கிய ஊரில் இருந்தது அந்தப் பெரிய கனாத் இல்லை. சின்ன கனாத், ஒரு கை அகல வாய்க்கால். அந்தத் தண்ணீரை நம்பித்தான் அந்த ஊர் மொத்தமும்.

எங்களோடு வந்த இளைஞர் மஷாத்தில் வேளாண்மை படித்தவர். நானும் வேளாண்மைப் பட்டதாரி என்று தெரிந்ததிலிருந்து என்னை 'ஆகா-யே மொஹந்தெஸ்' என்றே கூப்பிட்டார். 'இன்ஜினீயர் ஐயா' என்று அர்த்தம். அங்கே வேளாண்மை படித்தவனும் இன்ஜினீயர்தான். முப்பது வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைக்காத மரியாதை!

அவர் ஊர்க்காரர்களோடு பாரசீகத்தில் பேசும்போது எனக்கு ஒன்றும் புரியாது என்றுதான் நினைத்தேன். முதல் நாளே ஒரு பெரியவர் வயலைக் காட்டி 'ஸமீன்' என்றார். நிலம். நம் ஜமீன்தாரில் இருக்கும் ஜமீன். அடுத்து 'மஹ்சூல்' என்றார். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். விளைச்சலைச் சொல்கிறார், நம் மகசூலேதான். பருவத்துக்கு 'ஃபஸ்ல்', நம் வருவாய்த் துறைப் பதிவேட்டில் இருக்கும் பசலி. தவணைக்கு 'கிஸ்தி', வரி பிரித்தால் 'வுசூல்', மிச்சத்துக்கு 'பாக்கி'. அரபியில் பிறந்து பாரசீகத்துக்குப் போன சொற்களும், பாரசீகத்திலேயே பிறந்த சொற்களும் முகலாயர், ஆற்காட்டு நவாபு காலத்துக் கணக்குப் புத்தகங்கள் வழியாக நம் தாலுகா கச்சேரிக்கு வந்துவிட்டன. நெல் மகசூல் என்று தினமும் சொல்கிற நமக்கு அது எங்கிருந்து வந்த சொல் என்ற நினைப்பே இருப்பதில்லை.

நிர்வாகத்திலும் இதே கதைதான். தாசில்தாரில் வரும் 'தார்' பாரசீக ஒட்டு. வைத்திருப்பவர், பொறுப்பாளர் என்று பொருள். ஈரானில் மாகாணத்துக்கு ஒஸ்தான் என்று பெயர். அதற்குக் கீழே நம் மாவட்டம் மாதிரி ஷஹ்ரஸ்தான். அதற்குக் கீழே பக்ஷ். அதன் அதிகாரி பக்ஷ்தார். வேலையைப் பார்த்தால் நம் தாசில்தாருக்கு அண்ணன் தம்பி. பக்ஷுக்குக் கீழே சில ஊர்களைச் சேர்த்த தெஹெஸ்தான், நம் பிர்கா மாதிரி. கடைசியில் கிராமம், அதாவது தெஹ். கிராமத்து அலுவலர் மட்டும் 'தார்' இல்லை, 'யார்'. தெஹ்யார். யார் என்றால் துணைவர், உதவிக்கு நிற்பவர். பெயரை வைத்தவர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்.

அந்த வாசகரின் கேள்விக்கு நேரடி பதில் இதில் இருக்கிறது. நம் ஊராட்சித் தலைவருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் நடுவில் இருக்கும் ஆள்தான் தெஹ்யார். மக்கள் ஓட்டுப் போட்டு அவரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மக்கள் தேர்ந்தெடுப்பது ஷூரா என்ற ஊர்மன்றத்தை. 1,500 பேர் வரை உள்ள ஊருக்கு மூன்று உறுப்பினர், அதற்கு மேல் ஐந்து. நான்கு வருஷப் பதவி. அந்த மன்றம் ஒருவரைத் தெஹ்யாராகத் தேர்ந்து பெயரை அனுப்பும். மேலே இருந்து நியமன உத்தரவு வரும். தெருவிளக்கு, குப்பை, வீடு கட்ட அனுமதி, கல்லறை பராமரிப்பு, பிறப்பு இறப்பைத் தெரிவிப்பது, அரசாங்கத்துக்கும் ஊருக்கும் நடுவே ஓடுவது, எல்லாம் அவர் தலையில். மன்றத் தேர்தல் முதன்முதலாக நடந்ததே 1999-இல்தான். தெஹ்யார் சட்டம் 1998-இல் வந்தது. அதாவது நாம் 73-ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்து சில வருஷம் கழித்து.

அதற்கு முன்னால்? 1962-இல் நிலச்சீர்திருத்தச் சட்டம் வரும் வரை பெரும்பாலான கிராமங்களுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். அர்பாப் என்பார்கள். ஒருவருக்கே பத்து ஊர் இருபது ஊர் சொந்தமாக இருந்ததும் உண்டு. அவர் நகரத்தில் இருப்பார். ஊரைப் பார்த்துக்கொள்ள அவர் கைகாட்டும் ஆள் கத்கொதா. விளைச்சலை ஐந்து பங்காகப் பார்ப்பது பழைய கணக்கு: நிலத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, விதைக்கு ஒன்று, உழவு மாட்டுக்கு ஒன்று, உழைப்புக்கு ஒன்று. உழைப்பைத் தவிர ஒன்றும் இல்லாதவனுக்கு ஐந்தில் ஒன்றுதான். தண்ணீருக்கு நிலத்துக்குச் சமமாகத் தனிப் பங்கு வைத்ததைக் கவனியுங்கள். இன்றைக்கும் அந்த வட்டாரத்தில் நிலத்தை விற்காமல் தண்ணீர்ப் பங்கை மட்டும் விற்கலாம், குத்தகைக்கு விடலாம். தண்ணீர் இல்லாத நிலத்தை அங்கே யாரும் விலை கேட்பதில்லை.

இந்த ஊரின் தெஹ்யாருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் இருக்கும் ஒரே கடையும் அவருடையதே. கடைக்குப் பின்னால் இருந்த ஒரு அறைதான் அலுவலகம்: ஒரு மேசை, ஒரு கணினி, சுவரில் ஊரின் வரைபடம். அந்த வரைபடத்தில் சில வீடுகளுக்குப் பச்சை, சிலவற்றுக்குச் சிவப்பு அடித்திருந்தார். சிவப்புதான் அதிகம். என்ன என்று கேட்டேன்.

"பச்சை, குளிர்காலத்திலும் புகைபோக்கியில் புகை வருகிற வீடு" என்றார்.

எண்ணினேன். இருபதுக்கு மேல் ஐந்தோ ஆறோ.

"இருபதுக்குக் கீழே போனால்?" என்றேன். கிராமம் என்றால் என்ன என்று 1983-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று வரையறுக்கிறது. குறைந்தது இருபது குடும்பம் அல்லது நூறு ஆள் இருக்க வேண்டும். மன்றம் அமைக்கவும் இருபது குடும்பக் கணக்கு உண்டு. இதை எனக்குச் சொன்ன இளைஞர் அவர் பதிலையும் மொழிபெயர்த்தார்: "அப்புறம் நான் கடைக்காரன் மட்டும்தான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதில் இருக்கும் கணக்கு சிரிக்கிற கணக்கு இல்லை. மதிப்புக் கூட்டு வரியில் ஒரு பங்கு கிராமங்களுக்கு வருகிறது. அதை ஆள் தொகையை வைத்துப் பிரிக்கிறார்கள். தலை குறைந்தால் காசு குறையும். காசு குறைந்தால் தெருவிளக்கு அணையும், பள்ளத்தில் விழுந்த ரோடு அப்படியே கிடக்கும். ரோடு கெட்டால் இன்னும் இரண்டு குடும்பம் கிளம்பும். எங்கே முதல், எங்கே முடிவு என்று சொல்ல முடியாத சுழல்.

இது ஒரு ஊரின் கதை மட்டும் இல்லை. 1956-இல் ஈரான் எடுத்த முதல் தேசியக் கணக்கெடுப்பில் மொத்த மக்கள் தொகை 1.9 கோடி. நூற்றுக்கு 69 பேர் கிராமத்தில். 2016-இல் மொத்தம் 8 கோடிக்குச் சற்றுக் குறைவு. கிராமத்தில் இருந்தவர்கள் நூற்றுக்கு 26 பேர். தலையை எண்ணினால் கிராமத்து ஆட்கள் அன்றைக்கு 1.3 கோடி, 2016-இல் 2 கோடிக்கு மேல். அப்படியானால் கிராமம் வளர்ந்திருக்கிறதே என்று தோன்றும். வளர்ந்தது பெரிய ஊர்கள். வற்றியது சின்ன ஊர்கள். குடியுள்ள கிராமங்கள் 60,000-க்கு மேல் என்றால், பெயர் மட்டும் ஏட்டில் இருந்து ஆள் இல்லாமல் போன இடங்கள் 30,000-க்கு மேல். குடியிருப்புக்கு அவர்கள் சொல்லும் சொல் 'ஆபாதி'. நம் ஹைதராபாத்தில் இருக்கும் ஆபாத் இதன் உறவு. தண்ணீருக்கு அவர்கள் மொழியில் 'ஆப்'. ஆப் இருந்தால் ஆபாதி என்று ஊர்ப் பெரியவர்கள் இரண்டையும் சேர்த்தே பேசுவார்கள்.

இந்த ஊரிலிருந்து ஆட்கள் கிளம்பியதற்கு என்ன காரணம் என்று நாலைந்து பேரிடம் கேட்டேன். பெரியவர்கள் 1968-இல் தொடங்குகிறார்கள். அந்த வருஷம் ஆகஸ்ட் 31-ஆம் தேதி வந்த நிலநடுக்கம் இந்தப் பகுதியைப் புரட்டிப் போட்டது. பக்கத்தில் உள்ள காக்க் என்ற ஊர் தரைமட்டமானது. மண் வீடுகள் விழுந்தன, கனாத்தின் சுரங்கங்களும் இடிந்து அடைத்துக்கொண்டன. நடுவயதுக்காரர்கள் ஆழ்குழாய்க் கிணற்றைச் சொல்கிறார்கள். கீழே சமவெளியில் மோட்டார் வைத்து இறைக்க ஆரம்பித்ததும் நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது, கனாத்தில் வந்துகொண்டிருந்த தண்ணீர் பாதியானது. இளைஞர்கள் ஒரே வார்த்தை சொல்கிறார்கள்: மஷாத். என்னைக் கேட்டால் மூன்றும் உண்மை. ஆனால் நடுவில் உள்ளதுதான் முக்கியம். இடிந்த வீட்டை ஒருவன் திரும்பக் கட்டுவான். தண்ணீர் இறங்கிப்போனால் கட்ட மாட்டான்.

பள்ளிக்கூடம் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. பிள்ளைகள் வேனில் போகிறார்கள். ஆரோக்கிய நிலையமும் அந்த ஊரில்தான், நாலு கிலோமீட்டர். தெஹ்யாரின் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து போய்ப் பார்த்தேன். எனக்கு அந்த நாட்டு நிர்வாகத்திலேயே மிகவும் பிடித்தது இதுதான். 'கானே-யே பெஹ்தாஷ்த்', ஆரோக்கிய வீடு. சுமார் 1,500 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு பெரிய ஊரில் வைத்துச் சுற்றியுள்ள சின்ன ஊர்களையும் சேர்த்துவிடுவார்கள். அதை நடத்துபவருக்கு பெஹ்வர்ஸ் என்று பெயர். டாக்டர் இல்லை. அந்த வட்டாரத்திலேயே பிறந்தவராகப் பார்த்து எடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்துத் திரும்ப அங்கேயே போடுகிறார்கள். யார் வீட்டில் யாருக்கு ரத்த அழுத்தம், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்று அந்த அம்மாள் ஏட்டைப் பார்க்காமல் சொன்னார்.

சுவரில் ஒரு பெரிய வட்டப் படம். 'ஸீஜ்' என்கிறார்கள். முன்காலத்தில் வானியல்காரர்கள் கிரக நிலை எழுதி வைத்த அட்டவணைக்கு இருந்த பெயர். இங்கே அதில் கிரகம் இல்லை, ஊர் ஜனம் இருக்கிறது. வருஷ ஆரம்பத்தில், அதாவது மார்ச் 21 நவ்ரூஸ் சமயத்தில், வீடு வீடாகப் போய் எண்ணி வயது வாரியாக, ஆண் பெண் வாரியாக நடுவில் எழுதுவார்கள். சுற்றி வட்டங்களில் மாதம் மாதம் பிறப்பு, இறப்பு. ஒரு வருஷத்தில் ஊரில் என்ன நடந்தது என்பது ஒரே பார்வையில் தெரியும். ஈரானில் 1980-களின் நடுவில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஆறு குழந்தைக்கு மேல். 2000 வாக்கில் இரண்டு. இவ்வளவு வேகமாக இறங்கியதில் இந்த ஆரோக்கிய வீடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நான் பார்த்த ஸீஜில் பிறப்பு வட்டம் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. அந்த அம்மாள் அதைச் சுட்டிக்காட்டி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது குங்குமப்பூவுக்கு வருகிறேன். ஆள் கணக்குக்கும் இந்தப் பயிருக்கும் நேரடி சம்பந்தம் உண்டு.

குங்குமப்பூ ஒரு கிழங்குப் பயிர். ஒரு தடவை நட்டால் ஐந்து முதல் ஏழு வருஷம் நிலத்தில் இருக்கும். கோடை முழுதும் கிழங்கு மண்ணுக்குள் தூங்கும், தண்ணீர் கேட்காது. அக்டோபரில் முதல் தண்ணீர் கட்டினால் மூன்று நாலு வாரத்தில் இலைக்கு முன்னாலேயே பூ வந்துவிடும். தண்ணீர் இல்லாத பூமிக்கு இதைவிடப் பொருத்தமான பயிர் கிடையாது. உலகத்தின் குங்குமப்பூவில் பத்தில் ஒன்பது பங்கு ஈரானில் விளைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பூ வரும் இரண்டு மூன்று வாரத்தில் ஆள் வேண்டும். ஆள் என்றால் கொத்தாக. விடிவதற்கு முன் பூ விரியாமல் இருக்கும்போதே பறிக்க வேண்டும். அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பூவிலும் இருக்கும் மூன்று சிவப்பு இழையைப் பிரிக்க வேண்டும். ஒரு கிலோ காய்ந்த குங்குமப்பூவுக்கு ஒன்றரை லட்சம் பூ வேண்டியிருக்கும் என்பது கணக்கு. இயந்திரத்துக்கு இன்னும் அந்தக் கை வரவில்லை.

முதல் தண்ணீர் கட்டும் தேதியை வயலுக்கு வயல் தள்ளிப் போட்டால் பூவும் தள்ளித் தள்ளி வரும். இருக்கும் கைகளை வைத்துச் சமாளிக்கலாம். கனாத்தின் முறைப்பாசனம் இதைத் தானாகவே செய்துகொடுக்கிறது. பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு நாள் என்று ஊருக்கு ஊர் மாறும் ஒரு சுற்றில் ஒவ்வொருவருக்கும் தண்ணீர் முறை வரும். முன்பு இதை அளக்க ஒரு செம்புக் கிண்ணம். அடியில் ஊசித் துளை. பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் மிதக்க விட்டால் மெதுவாக நிறைந்து மூழ்கும். ஒரு மூழ்கல் ஒரு பங்கு. மீராப் என்ற நீர்மணியம் ஒரு மூழ்கலுக்கு ஒரு கூழாங்கல் எடுத்து வைப்பார். இப்போது கைக்கடிகாரம். கிண்ணத்தை அந்த மீராப் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார்.

வாசகரின் மூன்றாவது கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கோடையில் காய்ந்த மண், பூக்கும் சமயத்தில் குளிர்ந்த, மழை குறைந்த இலையுதிர் காலம், அப்புறம் நல்ல குளிர். இது மூன்றும் வேண்டும். நமக்கு அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழை. கிழங்கு அழுகிவிடும். சமவெளியில் குங்குமப்பூ போடலாம், கிழங்கு தருகிறோம் என்று யாராவது வந்தால் காசைக் கொடுக்காதீர்கள்.

பூ பறிக்கும் அந்த வாரம் ஊர் நிறைந்திருந்தது. சிவப்பு அடித்த வீடுகளிலும் விளக்கு எரிந்தது. மஷாத்திலிருந்தும் தெஹ்ரானிலிருந்தும் பிள்ளைகள் லீவு போட்டு வந்திருந்தார்கள். வாசலில் கார்கள். விடிகாலை நாலரை மணிக்கு நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு வயலில் குனிந்திருந்தவர்களில் ஒருவர் வங்கி அலுவலர், ஒருவர் பல் டாக்டர். காலை வெயில் ஏறியதும் வீட்டுக் கூடத்தில் துணி விரித்து நடுவே ஊதா நிறக் குவியல். சுற்றிப் பாட்டி முதல் பேத்தி வரை. கதையும் சிரிப்பும். இந்த ஊரா காலியாகிறது என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அந்த வாரத்தில்தான் கணக்கெடுப்பும் நடந்தது. 2016-ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதலில் இணையத்தில் பதிந்துகொள்ளச் சொன்னார்கள். பதியாதவர்களிடம் கையடக்கக் கணினியோடு ஆள் வந்தார்கள். எங்கள் ஊருக்கு வந்தது இருபத்தைந்து வயதுப் பெண். நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில், பூ பிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். வீட்டுக்காரப் பாட்டிக்கு எழுபதைத் தாண்டியிருக்கும்.

"ஹாஜ் கானும், இந்த வீட்டில் எத்தனை பேர்?"

"கண்ணில்லையா மகளே, எண்ணிக்கோ. பதினொன்று."

"வழக்கமாக இங்கேயே குடியிருப்பவர்கள் எத்தனை பேர்?"

பாட்டி பூவிலிருந்து கையை எடுக்கவில்லை. "இவன் இந்த வீட்டில்தான் பிறந்தான். அவனும் இங்கேதான். இதோ, அவர்கள் பறித்த பூ."

"அவர்கள் வீட்டை மஷாத்தில் எழுதியிருப்பார்கள், அம்மா. இரண்டு இடத்தில் எழுத முடியாது."

பெரிய மகன் தலையாட்டினார். இணையத்திலேயே மஷாத் முகவரியில் பதிந்துவிட்டாராம். பாட்டி அவரைப் பார்த்த பார்வையை நான் மொழிபெயர்க்கத் தேவையில்லை. அந்த வீட்டுக்கு எண்ணிக்கை: ஒன்று.

அந்தப் பெண் செய்தது சரி. விதி அப்படித்தான், வழக்கமாக எங்கே குடியிருக்கிறார்களோ அங்கேதான் எழுத வேண்டும். நாமும் எத்தனையோ கணக்கெடுப்புக்கு ஆள் அனுப்பியவர்கள்தான், விதியை மீறி எழுதினால் என்ன ஆகும் என்று தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவர் அடுத்துப் போன வீடு என்னை யோசிக்க வைத்தது. ஊர்க் கோடியில் ஆடு மேய்க்கும் ஒரு குடும்பம். ஹெராத்திலிருந்து வந்த ஆப்கானியர்கள். அவர்களும் பாரசீகம் பேசுபவர்கள்தான். கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள், அவ்வளவே. வருஷம் முழுவதும் இங்கேயே இருப்பதால் அந்த வீட்டில் புருஷன், மனைவி, நாலு குழந்தைகள் என்று ஆறு பேர் பதிவானார்கள். அந்தக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பதிவான ஆப்கானியர்கள் 15 லட்சத்துக்கும் மேல். இந்த ஊரின் தண்ணீரில் அவர்களுக்கு ஒரு மூழ்கல் பங்கு கிடையாது. பங்கு உள்ளவன் பட்டியலில் இல்லை, பட்டியலில் உள்ளவனுக்குப் பங்கு இல்லை. ஊரின் பள்ளி வேனில் போகும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் என்று தெஹ்யார் சொன்னார். அவர்களை நன்றாக நடத்த வேண்டும் என்றும் சொன்னார். நல்ல மனசால் சொன்னாரா, கணக்குப் பார்த்துச் சொன்னாரா தெரியாது, இரண்டாகவும் இருக்கட்டுமே.

கடைசி நாள் மாலையில் தெஹ்யாரின் அறையில் இன்னொரு ஏட்டைப் பார்த்தேன். நீளமான பழைய நோட்டு. தண்ணீர்ப் பங்கு ஏடு. மீராப் அதை விரித்து வைத்திருந்தார். அரசாங்க ஏடு இல்லை, ஊர் ஏடு. ஒரு முழுச் சுற்றையும் பங்கு பங்காகப் பிரித்து எழுதியிருந்தது. அப்பா இறந்தால் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று உடைந்து உடைந்து சில பெயர்களுக்கு எதிரே சில நிமிடத் தண்ணீர்தான் இருந்தது. அவ்வளவு குறைந்த தண்ணீரை வைத்து ஒரு பாத்திகூட நனையாது. அதனால் அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாம் சேர்த்து ஒருவரிடம் விட்டுவிடுகிறார்கள், விளைந்ததில் பங்கு. ஆனால் பெயரை மட்டும் யாரும் அடிக்க விடுவதில்லை. பெயர்களை எண்ண ஆரம்பித்து நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். கணக்கெடுப்புப் பெண்ணின் கணினியில் இருக்கும் ஊரைவிட இது பெரிய ஊர்.

கனாத்தைத் தூர்வாரும் செலவு இந்த ஏட்டின்படிதான் பிரிக்கப்படுகிறது. எத்தனை நிமிடம் உனக்குத் தண்ணீரோ அத்தனைக்குத் தகுந்த காசு. நகரத்தில் இருப்பவர்கள் வங்கி அட்டை வழியாக அனுப்பிவிடுகிறார்களாம். பெரும்பாலும் பாக்கி வைப்பதில்லை. காசு பிரச்சினை இல்லை, ஆள்தான் பிரச்சினை என்றார் மீராப். கனாத்துக்குள் இறங்கும் தொழில்காரருக்கு மொகன்னி என்று பெயர். இடுப்பளவு அகலச் சுரங்கத்தில் மண் சரிந்தால் வெளியே வர வழியில்லை. இந்த ஊரில் முன்பு இருந்த மொகன்னி குடும்பத்தின் பிள்ளைகள் இப்போது லாரி ஓட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பூ முடிந்ததும், டிசம்பரில், வேறு வட்டாரத்திலிருந்து ஒரு மொகன்னியும் இரண்டு உதவியாளர்களும் வருவதாக ஏற்பாடு. கயிறு இழுக்க மேலே நாலு ஆள் வேண்டும். பிள்ளைகள் அதற்குள் மஷாத் திரும்பிவிடுவார்கள். யார் யார் என்று மீராப் விரல் விட்டு எண்ணினார்: அவர், தெஹ்யார், மன்றத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார். நாலாவதாக ஆடு மேய்க்கும் ஹெராத்துக்காரரைக் கேட்டிருக்கிறார்கள். கூலி பேசி முடித்தாகிவிட்டது.